தொட்டியில் பே லாரல்: வேர் அழுகாமல் காக்க

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பிரியாணி இலைக் கன்று வாங்குவோர் முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடினால் அது லவங்கப்பட்டை இனம். நம் தெரளி கொழுக்கட்டை இலையும் அந்த வகைதான். மத்தியதரைக் கடல் பகுதியின் பே லாரலுக்கு நடுநரம்பு ஒன்றே. நர்சரிக்காரர்கள் அதன் அறிவியல் பெயரான 'லாரஸ் நோபிலிஸ்' என்று அட்டை எழுதி விற்றால் இந்தக் குழப்பமே வராது.

பே லாரலுக்குப் பழக்கமானது வறண்ட கோடை. நமக்கோ ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொன்று. வேர் அழுகுவது அதனால்தான். 12 அங்குல மண்தொட்டி, அடியில் மூன்று நான்கு துளைகள். செம்மண் 2 பங்கு, பருமணல் 1, மக்கிய தொழு உரம் 1. தேங்காய் நார்த்தூள் அதிகம் வேண்டாம், மழைக்காலத்தில் நீரைப் பிடித்து வைத்துவிடும். கடல்மணல் கூடவே கூடாது. தொட்டியைச் செங்கல்மேல் ஏற்றி, அடைமழையில் சன்ஷேடுக்கடியில் நகர்த்துங்கள். விரலை 2 அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர். இலை மஞ்சளானதும் இன்னும் ஊற்றுவதுதான் பலரும் செய்யும் பிழை.

இலை பிசுபிசுத்துக் கரிபடிந்தால் செதில்பூச்சி. ஈரத்துணியால் துடைத்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளிக்கலாம். குச்சி நட்டால் வேர்விட மாதக்கணக்காகும். இடையில் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

வாசகர்,
தக்கலை