கொள்ளையைக் காட்டவில்லையாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் டாரன்டினோ எடுத்த ‘ரிசர்வாயர் டாக்ஸ்’ படத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். வங்கிக் கொள்ளைப் படத்தில் கொள்ளையையே காட்டாமல் டாரன்டினோ ரசிகர்களை ஏமாற்றிவிட்டார் என்று எழுதியிருக்கிறார் உங்கள் விமர்சகர். கையிலிருந்த காப்பி ஆறியே போனது.

அது வங்கி இல்லை சார், நகைக்கடை. அடித்துக்கொண்டு ஓடுவது வைரம். படத்தைப் பார்த்தவருக்கு இதில் குழப்பம் வராது. அதில் கொள்ளையர்களுக்கு நிறங்கள்தான் பெயர். மிஸ்டர் ப்ளூவாக வரும் எடி பங்கர், நிஜத்திலேயே வங்கியைக் கொள்ளையடித்து ஜெயிலுக்குப் போனவர். வங்கிக் கொள்ளைதான் வேண்டுமென்றால் அவரைப் பற்றியாவது எழுதியிருக்கலாம். அவரையும் காணோம்.

நான் முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். 1994-ல் எங்கள் கிளைக்குள் நாலு பேர் கத்தியோடு நுழைந்தார்கள். நான் என்ன பார்த்தேன் தெரியுமா? மேசைக்கு அடியில் பதுங்கியபடி, ஒரு ஹவாய்ச் செருப்பு. நீல வார், அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. அவ்வளவுதான். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

மிச்சமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், மற்றது அக்கவுண்டன்டிடம். அன்றைக்குத்தான் பணம் வந்து இறங்கியது என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்? போலீஸ் இதை என்னிடம் கேட்டது, அவரிடம் கேட்டது, பிறகு நாங்களே மனசுக்குள் ஒருத்தரைப் பற்றி ஒருத்தர் கேட்டுக்கொண்டோம். எத்தனையோ வருஷம் ஒரே டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய் எடுத்துத் தின்றவர்கள், தனித்தனியாகச் சாப்பிட ஆரம்பித்தோம். ஏழு மாதம் கழித்துப் பிடிபட்டவன் சொன்னான், எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பணம் வந்த ஜீப்பைப் பார்த்தானாம். அதற்குப் பிறகும் ஊறுகாய் டப்பா திறக்கவில்லை.

படத்தில் கொள்ளைக்குப் பிறகு, காட்டிக்கொடுத்தவன் யார் என்ற சந்தேகத்தோடு கூடுகிற கிடங்கில் ஹார்வி கைட்டலும் ஸ்டீவ் புஷெமியும் ஒருத்தர் மேல் ஒருத்தர் துப்பாக்கி நீட்டுகிற இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன். உங்கள் விமர்சகருக்கு இது ‘வெறும் பேச்சு’. காதை அறுக்கும்போது கேமரா வேறு பக்கம் திரும்பிக்கொள்வதையும் ஏமாற்று என்று எழுதாமல் விட்டதற்கு நன்றி.

இது போதாதென்று, கொள்ளைக்கூட்டத்தில் ஒளிந்திருக்கும் போலீஸ்காரன் எந்த நிறப் பெயர்க்காரன் என்பதைத் துணைத்தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டுவிட்டீர்கள். என் மருமகன் இன்னும் படம் பார்க்கவில்லை. இனிப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

என் கடிதங்களுக்கு உங்களிடம் என்ன மரியாதை என்று எனக்குத் தெரியும். இந்தப் படத்துக்கும் 1987-ல் ஹாங்காங்கில் ரிங்கோ லாம் எடுத்த ‘சிட்டி ஆன் ஃபயர்’ படத்துக்கும் உள்ள ஒற்றுமையை முன்பு ஒருமுறை மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். இரண்டு வரி வந்தது. அதிலும் ஹாங்காங் சிங்கப்பூர் ஆகியிருந்தது. பொறுத்துக்கொண்டேன். சந்தா முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே நினைவூட்டல் கடிதம் மட்டும் தவறாமல் வருகிறது.

அடுத்த இதழில் ‘வங்கி’ என்பதை ‘நகைக்கடை’ என்று படிக்கவும் என ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். என் பெயரைப் போட வேண்டாம். அந்த அக்கவுண்டன்டும் உங்கள் சந்தாதாரர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹெட் கேஷியர்,
கும்பகோணம்.