கால்வாய்க் கரையில் வாத்தியக் குழு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அயல்நாட்டு வாசகர்களுக்காக அரசுகள் நடத்திய படப் பத்திரிகைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அத்தனையையும் 'வெறும் பிரசாரம்' என்று தள்ளிவிட்டது. பிரசாரம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்த 'வெறும்' எனக்கு உறுத்துகிறது.

எங்கள் வீட்டுக்கு 'சோவியத் நாடு' தமிழிலேயே வந்தது. படித்தோமோ இல்லையோ, அந்த வழவழத் தாளைக் கிழித்துப் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டோம். என் கணக்குப் புத்தகத்தின் மேல் வருடம் முழுக்க ஒரு பாலே நடனக்காரி நின்றாள். கணக்கு வரவில்லை, அவள் முகம் மட்டும் இன்னும் நினைவிருக்கிறது.

அதற்கெல்லாம் முன்னோடி, ரஷ்ய எழுத்தாளர் கார்க்கியின் முயற்சியில் 1930இல் மாஸ்கோவில் தொடங்கிய 'கட்டுமானத்தில் சோவியத் ஒன்றியம்'. ரஷ்ய மொழியோடு ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சிலும் வந்தது. பக்கங்களை அமைத்தவர்களில் எல் லிசிட்ஸ்கியும் ரோட்சென்கோவும் உண்டு. அதன் 1933 டிசம்பர் இதழ் முழுக்க வெண்கடல்–பால்டிக் கால்வாய்தான், படமெடுத்தவர் ரோட்சென்கோ. 227 கிலோமீட்டர் கால்வாயை இரண்டே ஆண்டுக்குள் முடித்தது லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் உழைப்பு. அவர்கள் கைதிகள் என்பதை இதழ் ஒளிக்கவில்லை. உழைத்துத் திருந்தியவர்கள் என்று பெருமையாகவே காட்டியது. அங்கே அவர் எடுத்த ஒரு படத்தில் ஆட்கள் வேலை செய்ய, பக்கத்தில் ஒரு வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருக்கிறது. குளிரிலும் பசியிலும் செத்துப்போன ஆயிரக்கணக்கானவர்களுக்குத்தான் அந்த இதழில் இடமில்லை. ரோட்சென்கோ கொஞ்சம் திறமை குறைந்தவராக இருந்திருந்தால், பார்த்தவர்களுக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்கும்.

ஜப்பானின் 'நிப்பான்' இதழும் (1934, நத்தோரி யோனொசுகே தொடங்கியது) இதே ரகம்தான். சீனாவில் ஜப்பான் போர் நடத்திக்கொண்டிருந்தபோதும் அதன் பக்கங்கள் அழகாகவே இருந்தன.

அப்புறம் ஒரு குறை. கட்டுரையோடு நான்கு படங்கள் போட்டிருக்கிறீர்கள். எந்த இதழிலிருந்து எடுத்தது, எந்த ஆண்டு, யார் எடுத்த படம் என்று ஒன்றின் கீழும் இல்லை. அடுத்த இதழிலாவது ஒரு ஓரத்தில் அதை அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்