நாடியா பிறந்த ஊரிலிருந்து

பெர்த்,
மேற்கு ஆஸ்திரேலியா.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். அங்கே ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும்; இங்கோ மழையும் குளிருமாக, மாலை ஐந்தரை மணிக்கே இருட்டிவிடுகிறது. மருத்துவமனை வேலை பழகிவிட்டது. என் பெயரைத்தான் ஒருவராலும் முழுதாகச் சொல்ல முடியாமல், முதல் வாரத்திலேயே இரண்டெழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். அன்றிரவு எனக்கு இந்தி நடிகர் டேனி டென்சோங்பாவின் நினைவு வந்தது.

சிக்கிமில் பிறந்த அவருடைய இயற்பெயர் ஷெரிங் பின்ட்சோ. பூனா திரைப்படக் கல்லூரியில் அது பிறர் வாயில் நுழையாததால், உடன் படித்த ஜெயா பாதுரி சொன்ன 'டேனி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவ்வளவு திறமை இருந்தும் இந்தித் திரையுலகம் அவருக்குப் பெரும்பாலும் வில்லன் வேடங்களையே தந்தது. நீங்கள் என்னை அழைத்துச் சென்று காட்டிய சண்டைப் படங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன்: அந்த முகச்சாயல் உள்ளவர் கூர்க்காவாக வந்து சல்யூட் அடித்துப் போவார், கடத்தல்காரனின் கையாளுக்கு ராபர்ட் என்று பெயர் இருக்கும், மலைவாசிகள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு ஈட்டியுடன் ஆடுவார்கள். நாமும் கைதட்டினோம். யாருக்கு எந்த வேடம் என்பதை யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்வி, அயலாளாக ஒரு நாட்டில் வாழத் தொடங்கிய பிறகே எனக்குள் எழுந்தது. 1975-இல் வந்த 'தீவார்' போன்ற படங்களில், நாயகனின் உயிரைக் காப்பது, இஸ்லாமியர் புனிதமாகக் கருதும் 786 என்ற எண் பொறித்த வில்லையாக இருந்ததையும் மறக்கவில்லை. ஆனால் அவை குறைவு.

நீங்கள் வியக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. சவுக்கும் முகமூடியுமாக 1935-இல் 'ஹண்டர்வாலி' என்ற இந்திப் படத்தில் தோன்றிய நடிகை நாடியா, 1908-இல் இதே பெர்த் நகரில் மேரி ஆன் எவன்ஸ் என்ற பெயரில் பிறந்தவர். சிறுமியாகவே பம்பாய் சென்று, சர்க்கஸில் வேலை பார்த்து, வாடியா சகோதரர்களின் படங்களில் டூப் போடாமல் குதிரையேறியும் ஓடும் ரயிலின் கூரைமேல் சண்டையிட்டும் புகழ்பெற்றார். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், பொன்னிறக் கூந்தலுடைய ஒரு பெண்ணை நம் மக்கள் தங்கள் வீராங்கனையாகவே ஏற்றுக்கொண்டார்கள் என்பதை எண்ணும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதே சமயம், கடல் கடந்து வந்தவருக்குக் கிடைத்த நாயகி இடம் பின்னாளில் நம் நாட்டோடு இணைந்த சிக்கிமில் பிறந்தவருக்கு எளிதில் கிடைக்கவில்லையே என்று மனம் வலிக்கிறது. இதில் தோலின் நிறத்துக்கும் பங்குண்டு என்றே நான் நம்புகிறேன்.

தமிழிலும் அந்த நாளிலேயே, 1937-இல் வந்த 'மின்னல்கொடி'யில் கே.டி. ருக்மணி சண்டைக் கதாநாயகியாக நடித்திருக்கிறார். அப்படித் தொடங்கிய நம் சினிமாவில், பிற்காலத்து நாயகிகள் கடைசிக் காட்சியில் தூணோடு கட்டப்பட்டு, மீட்க வருபவனுக்காகக் காத்திருந்தார்கள். நடிகை விஜயலலிதா துப்பாக்கி ஏந்திய படங்களைப் பற்றி நீங்கள் எவ்வளவு ஆர்வமாகச் சொல்வீர்கள்! எனக்கு அப்போது அதன் அருமை தெரியவில்லை.

டெண்ட் கொட்டகையில் பார்த்த ருக்மணியின் படங்களைப் பற்றிப் பாட்டி ஏதேனும் சொன்னது உங்களுக்கு நினைவிருந்தால், மறவாமல் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பெண்கள் பகுதியில் அன்று கைதட்டல் எழுந்ததா என்பதை அறிய விரும்புகிறேன்.

தங்கள் அன்பு மகள்