பழகிவிட்டது என்று எழுதியிருந்தாயே

திருவையாறு
புரட்டாசி

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்த நேரம் இங்கே குறுவை அறுப்பு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் கையை விரித்துவிடுவார்கள். அதனால் நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைப்பதும், மேகம் திரண்டால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுமாக இருந்தோம். ஒருவழியாக நேற்று எடை போட்டாயிற்று. வேலையெல்லாம் அண்ணன் மகன்தான் பார்த்தான். நான் குடை பிடித்துக்கொண்டு அதிகாரம் பண்ணியதோடு சரி.

உன் டெல்லி ஆர்.கே.புரத்துக் கதைகள், பேரனின் இந்தி கலந்த தமிழ் எல்லாம் படித்துச் சிரித்தேன். ஒரு வரியில்தான் நின்றுவிட்டேன். ‘வந்த புதிதில் ஓயாத தும்மல், மூக்கொழுகல். இப்போது டெல்லிக் காற்று பழகிவிட்டது. காபி மணம்தான் முன்போல் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தாய். இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்குமோ என்று யோசிக்காமல் போய்விட்டாயே! நாம் படித்தது விலங்கியல்தானே?

நாற்றம் பழகும், அது உண்மை. சாக்கடை ஓரம் கொஞ்ச நேரம் நின்றால் பிறகு தெரியாது. அது நுகர்வு நரம்பின் குணம். ஆனால் தூசும் புகையும் மூக்கின் உட்சவ்வுக்கு அப்படிப் பழகுவதில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் தவளையின் வாய்க் கூரையில் கரித்தூள் வைத்துப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? யாரும் தொடாமலே தூள் தொண்டைப் பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். நம் மூக்கிலும் அதே ஏற்பாடுதான். சவ்வின் மேல்பரப்பு முழுக்கக் குற்றிழைகள், அதாவது மயிர்போல அசையும் நுண்ணிழைகள், உள்ள செல்கள், நடுநடுவே சளி சுரக்கும் கோப்பை வடிவ செல்கள், அடியில் புதுச் செல்களைப் பிறப்பிக்கும் அடிச்செல்கள். குற்றிழைகள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அடித்து, தூசு ஒட்டிய சளியை நிமிடத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவில் தொண்டைக்குத் தள்ளிவிடும். நாமும் தெரியாமலே விழுங்கிவிடுவோம்.

அறுப்பு இயந்திரம் கிளப்பும் சுணையும் தூசும் பெரும்பாலும் பருமனானவை. மூக்கின் முன்பகுதியிலேயே சிக்கும், நாலு தும்மலில் வெளியே வந்துவிடும். டீசல் புகையின் கரித்துகள் வேறு ஜாதி. மிக நுண்ணியது. மேலே இரும்பு முதலான உலோகங்களும் எரிந்தும் எரியாத எண்ணெய்ச் சேர்மங்களும் ஒட்டியிருக்கும். செல்லுக்குள் போய் அதன் சமாளிப்புக்கு மீறிய ஆக்சிஜனேற்றத்தை உண்டாக்கும். பக்கத்துப் பக்கத்துச் செல்களை இடைவெளி இல்லாமல் பிணைத்திருக்கும் புரதங்கள் தளர்ந்து சவ்வு கசியத் தொடங்கும். செல்கள் அழற்சி சமிக்ஞைகளை விட, வெள்ளணுக்கள் வந்து குவியும். கோப்பை வடிவ செல்கள் பெருகிச் சளியைக் கொட்டும். உனக்கு ஆரம்பத்தில் ஒழுகியது இதுவாகத்தான் இருக்கும். அதை நோய் என்றே நான் சொல்லமாட்டேன், சவ்வு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

கவலை அதற்கு அடுத்த கட்டத்தில். அடி ஓயாமல் விழுந்தால் குற்றிழை செல்கள் உதிரும். அந்த இடத்தில் அடிச்செல்கள் குற்றிழை இல்லாத தட்டைச் செல்களை அடுக்கடுக்காக வளர்த்துவிடும். மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்புக் காய்க்கிற மாதிரிதான். தாங்கும், ஆனால் தூசைத் தள்ளாது. மெக்சிகோ நகரத்தில் லிலியான் கால்டெரோன் கார்சிதுவென்யாஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1990களின் தொடக்கத்தில், அங்கே நெடுநாள் வசித்தவர்களின் மூக்குச் சவ்வை எடுத்துப் பார்த்து இதைத்தான் எழுதினார்கள். 1994இல் இன்னொன்றும் செய்தார்கள். காற்று சுத்தமான ஊரிலிருந்து ஆரோக்கியமான, புகைபிடிக்காத ஆட்கள் அந்நகருக்கு வந்ததும், அவர்களின் மூக்கைச் சோதித்தார்கள். வந்து கொஞ்ச நாள்தான், அதற்குள் அழற்சி. அங்கே முக்கியக் குற்றவாளி ஓசோன், உன் ஊரில் நுண்துகள். PM2.5 எனப்படும் அந்த நுண்துகளின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் அரசு 40 வரை அனுமதிக்கிறது. டெல்லியில் 100ஐ ஒட்டி!

அதனால் உன் மூக்கு அடங்கிப்போனதை நல்ல சேதி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. மணம் குறைய வேறு காரணமும் இருக்கலாம், வயது, சதை வளர்ச்சி, பழைய கொரோனா. ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குழாய் விட்டுப் பார்த்துவிடு. 2016இல் பார்பரா மேஹர் குழுவினர் மெக்சிகோ, மான்செஸ்டர் நகரங்களில் இறந்தவர்களின் மூளைத் திசுவில் மேக்னடைட் என்ற இரும்புத் துகள்களைக் கண்டார்கள். எரிபுகையில் உண்டாகும் உருண்டைத் துகள்களின் சாயல். நுகர்வு நரம்பு வழியாகப் போயிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை, கொஞ்சம் பயந்தாலும் நல்லதுதான்.

அப்புறம் அந்தச் சொட்டு மருந்து. ராத்திரி அடைப்புக்கு மாதக்கணக்காகப் போடுகிறேன் என்கிறாய். சைலோமெட்டசோலின் வகை என்றால் நாலைந்து நாளுக்கு மேல் கூடாது. இரத்தக் குழாய்களைச் சுருக்கும், மருந்தின் வேகம் தீர்ந்ததும் முன்னைவிட வீங்கும். அதை அடக்க மறுபடி மருந்து. எப்படி நிறுத்துவது என்று அந்த மருத்துவரையே கேள். உப்புநீரில் கழுவலாம், ஆனால் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத்தான். காய்ச்சாத நீரில் அபூர்வமாக இருக்கும் ஒரு அமீபா, மூக்கு வழியே மூளைக்கு ஏறினால் ஆளைத் தீர்த்துவிடும். வெளியே போனால் என்95 கவசம் போடு. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்துவது மனத்திருப்திக்குத்தான்.

இங்கே காற்று தேன் என்று அளக்கமாட்டேன். ரைஸ்மில் உமிச்சாம்பல் உண்டு, கும்பகோணம் சாலையில் பஸ் புகை உண்டு, தை அறுப்பில் மறுபடி சுணை பறக்கும். ஆனால் வைக்கோலை மாட்டுக்குக் கட்டிப் போட்டுவிடுகிறோம், பெரும்பாலும் எரிப்பதில்லை. பஞ்சாபில் நெல் அறுத்துக் கோதுமை விதைக்க மூன்று வாரமாவது கிடைக்குமா தெரியாது, பாவம், கொளுத்துகிறார்கள். நிலத்தடி நீரைக் காக்க 2009இல் சட்டம் போட்டு நடவைத் தள்ளிவைத்ததில் அறுப்பும் தள்ளிப்போய்ப் பனிக்காலத்தோடு சேர்ந்துகொண்டது. அது போக, வருஷம் முழுக்க வண்டிப் புகை இருக்கவே இருக்கிறது.

தீபாவளிக்கு முன்பே கிளம்பி வந்து பொங்கல் வரை இரு. அடிச்செல்கள் உயிரோடு இருக்கும்வரை சவ்வு மீண்டும் குற்றிழை முளைப்பிக்கும். புகைபிடிப்பதை விட்டவர்களிடம் அப்படித் திரும்புவதைப் பார்த்திருக்கிறார்கள். நுகர்வு செல்களும் ஆயுள் முழுக்கப் புதிதாகப் பிறப்பவை. எழும்பூரில் உழவன் ஏறினால் விடியும்போது தஞ்சாவூர், ஸ்டேஷனுக்கு அண்ணன் மகன் வருவான். மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. பேரனைக் காரணம் காட்டாதே, மருமகளிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
மங்கை