செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் திரைப்படச் சங்கத்தின் செயற்குழு ஆறு முறை கூடியது. மாதத் திரையிடல்கள் நடந்தன. டிசம்பரில் மட்டும் மழையால் ஒன்றைத் தள்ளிவைத்தோம். திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்புக்கான இணைப்புக் கட்டணம் கட்டியாயிற்று. பழைய ஸ்பீக்கர் மாற்றப்பட்டது.

அடுத்து, சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்து நீங்கள் ஒப்புதல் தந்த ஆப்பிரிக்கத் திரைப்படத் தொடர். கறுப்பின மக்கள் தங்கள் வருங்காலத்தைத் தாங்களே கற்பனை செய்யும் ஆஃப்ரோஃபியூச்சரிசத்தையும் தன்பால் காதலர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையர் குரலையும் ஏன் ஒன்றாகச் சேர்த்தீர்கள் என்று பலர் கேட்டார்கள். கென்யாவின் வனூரி கஹியுவைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். 2009இல் அவர் எடுத்த குறும்படம் ‘பும்ஸி’. தண்ணீருக்காக நடந்த மூன்றாம் உலகப் போர் முடிந்து 35 ஆண்டு. வியர்வையையும் சிறுநீரையும் சுத்திகரித்துக் குடிக்கும் ஊரில், ஒரு பெண் ஒற்றைச் செடியைக் காப்பாற்றக் கிளம்புகிறாள். அதே இயக்குநர் 2018இல் நைரோபியில் இரு பெண்கள் காதலிக்கும் ‘ரஃபிக்கி’யை எடுத்தார். கான் திரைப்பட விழாவுக்குத் தேர்வான முதல் கென்யப் படம் அது. சொந்த நாட்டிலோ தடை. முடிவில் நம்பிக்கை தெரிகிறது, மாற்றுங்கள் என்றது அந்நாட்டுத் திரைப்படத் தணிக்கை வாரியம். அவர் மறுத்துவிட்டார். நீதிமன்றம் போய், செப்டம்பர் 21ஆம் தேதி ஏழே நாளைக்குத் தடையை நீக்க வைத்தார். நைரோபி அரங்குகள் நிரம்பின. அதற்கு இரு வாரம் முன்புதான், செப்டம்பர் 6ஆம் தேதி, நம் உச்ச நீதிமன்றம் தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. இரு நாட்டுச் சட்டத்துக்கும் வேர் ஒரே வெள்ளைக்கார ஆட்சி. வருங்காலத்தில் ஒரு மரம் இருக்கும் என்று காட்டியவருக்கு, இந்தக் காதலர்களுக்கும் வருங்காலம் உண்டு என்று காட்ட அனுமதி கிடைக்கவில்லை. தொடரின் பொருளே இதுதான்.

தொடரில் பெரிய வேலை வாங்கியது 2021இல் சால் வில்லியம்ஸும் அனிசியா உசேமானும் இயக்கிய ‘நெப்டியூன் ஃப்ராஸ்ட்’. கதை புருண்டியில், படப்பிடிப்பு ருவாண்டாவில். நம் செல்போனுக்குள் போகும் கோல்டான் தாதுவைத் தோண்டும் தொழிலாளியும், ஊடுபால் (ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத உடலோடு பிறந்த) ஹேக்கரான நெப்டியூனும் சந்திக்கிறார்கள். வீசியெறிந்த கம்ப்யூட்டர் பாகங்களும் ஒயர்களும்தான் பாத்திரங்களின் ஆடை அணிகலன்.

இதற்குத் தமிழ் வசனவரி (சப்டைட்டில்) எழுத இரண்டு உறுப்பினர்களும் நானும் பதினோரு இரவு உட்கார்ந்தோம். படத்தில் பேசும் கின்யார்வாண்டா மொழியில் ‘அவன்’, ‘அவள்’ இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் ‘வந்தான்’ என்றோ ‘வந்தாள்’ என்றோ எழுதியாக வேண்டும். ‘வந்தார்’ என்று போடலாம்தான். ஆனால் ஏசுகிறவன் மரியாதை கொடுத்தா பேசுவான்? கடைசியில் விகுதியே வராதபடி மாற்றினோம்: ‘நெப்டியூன் எங்கே?’ ‘வந்தாச்சு.’ ஒவ்வொரு வரியாக இப்படிச் செய்தோம்.

அந்தப் படத்தைத் திரையிட்ட அன்று வந்தவர்கள் 17 பேர். பதிவேட்டில் இருப்பவர்கள் 112. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். “அவன்னும் போடல, அவள்னும் போடல. கவனிச்சேன் சார்,” என்றார். ஊடுபால் குழந்தைகளுக்குத் தேவையற்ற அறுவை சிகிச்சையை 2019இல் தடை செய்த முதல் இந்திய மாநிலம் தமிழ்நாடு என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னார். மறுநாளே சந்தா கட்டி உறுப்பினரானார்.

‘குடும்பத்தோடு பார்க்க முடியாத படங்கள்’ என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதிய உறுப்பினர் தொடரில் ஒரு படத்துக்கும் வரவில்லை. பார்த்துவிட்டுத் திட்டியிருந்தால் வருந்தியிருக்க மாட்டேன். வராமலே தீர்ப்புச் சொன்னதுதான் என்னை மிகவும் புண்படுத்தியது. அந்தப் பதிவுக்குக் கட்டைவிரல் போட்டவர்களில் நம் மூத்த உறுப்பினர்களும் உண்டு.

வரவும் செலவும் ஏறத்தாழ நேராகிவிட்டன. திரையிடல் உரிமைக் கட்டணம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல்; சிறிய பற்றாக்குறையைச் செயற்குழுவினர் சிலர் கைக்காசால் அடைத்தோம். விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டுச் சந்தா 600 ரூபாய், மாதத்துக்கு ஐம்பது. அதை முழுதாகக் கட்டியவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். மூன்று ஆண்டு நிலுவை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் இருமுறை கடிதம் போயிருக்கிறது.

வாடகையில் சலுகை தந்த அரங்க நிர்வாகத்துக்கும், கணக்குத் தணிக்கையாளருக்கும், புரொஜெக்டர் இயக்கிய தம்பிக்கும், தேநீர் தந்த கடைக்காரருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டு, லைபீரியாவில் பிறந்த அமெரிக்க இயக்குநர் ஷெரில் டன்யேயின் ‘தி வாட்டர்மெலன் வுமன்’ படத்தோடு தொடங்க ஆசை. 1996இல் வந்த படம். பழைய படங்களில் பெயர்கூடப் போடாமல் விடப்பட்ட ஒரு கறுப்பின நடிகையைத் தேடும் கதை. அப்படி ஒருவர் ஆவணங்களில் இல்லாததால், டன்யே அவரை, பழையவை போலவே எடுத்த புகைப்படங்களோடு, தானே உருவாக்கினார். அதற்கும் வசனவரி எழுத நான் தயார். ஆனால் உரிமைக் கட்டணத்தின் முன்பணத்தை ஜூன் மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். இம்முறை கைக்காசு போட என்னால் இயலாது. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க விரும்பினால் கோப்புகளை ஒப்படைக்கிறேன். இந்தத் தொடரை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

நிலுவைப் பட்டியலை இங்கே வாசிக்கவில்லை. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் அமர்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவரைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

இங்ஙனம்,
செயலாளர்