தடிச்ச ஸ்டட் போட்டு இறுக்கச் சொல்லாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க வாகனப் பக்கத்துல ஏர் கூல்டு (தண்ணியில்லாம காத்தாலயே குளிர்ற) கார் இன்ஜினைப் பிரிச்சு கட்டுறதப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. ரிங்கு, வால்வு கைடு, பேரிங் எல்லாம் நல்லாவே எழுதியிருந்தாங்க, ஆனா ஹெட் ஸ்டட் (சிலிண்டர் மேல இருக்குற ஹெட்டைப் பிடிச்சு வெக்கிற, ரெண்டு முனையிலும் மரை போட்ட கம்பி) பத்தி வந்த ரெண்டு வரியைப் படிச்சதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. உடைஞ்ச ஸ்டட்டை மட்டும் மாத்தணுமாம், தடிச்சதா கிடைச்சா இன்னும் நல்லதாம், மேனுவல்ல இருக்குறதுக்கு மேல கொஞ்சம் இறுக்கிட்டா ஆயுசுக்கும் கவலையே இல்லையாம். இதை நம்பி யாராவது ஒரு வோக்ஸ்வேகன் பீட்டில்லயோ பழைய போர்ஷே 911லயோ செஞ்சா ஸ்டட் நல்லா இருக்கும், கேஸ், அதாவது கிராங்க் சுத்துற அடிக்கூடு, போயிடும்.

ஏன்னு சொல்றேன். இந்த மாதிரி இன்ஜின்ல ஸ்டட்டோட ஒரு முனை கிராங்க்கேஸ்ல மரையில இறங்கியிருக்கும், அங்கேர்ந்து சிலிண்டர் பக்கத்துலயே ஓடி ஹெட்டைத் தாண்டி நட்டுல முடியும், அதாவது கேஸ், சிலிண்டர், ஹெட் மூணையும் ஒண்ணா பிடிச்சு வெச்சிருக்குறது இந்த நீளக் கம்பி தான். பீட்டில்ல 16, ஆறு சிலிண்டர் 911ல 24. இன்ஜின் சூடானா எல்லாம் வளரும், ஆனா ஒரே அளவுல வளராது, அங்க தான் வம்பே. 200 மி.மீ. நீள அலுமினியம் 100 டிகிரி சூடு ஏறினா சுமார் 0.46 மி.மீ. வளரும், அதே நீள ஸ்டீல் 0.24 கிட்ட தான் வளரும், அந்த வித்தியாசத்தை ஸ்டட் இழுபட்டு தாங்கணும். வண்டி ஓடும்போது நீங்க இறுக்கினதை விட அதிக இழுப்பு ஸ்டட்ல இருக்கும், நிறுத்தினா குறையும், திரும்ப ஓட்டினா ஏறும். இந்த இழுப்பு மொத்தமும் போய் உக்கார்ற இடம் கேஸ்ல இருக்குற மரை. அந்த கேஸ் மெக்னீசியமா இருந்தா, சூட்டுல இன்னும் மெத்துனு ஆகி, மரை கொஞ்சம் கொஞ்சமா உருவிக்கிட்டு வெளிய வந்துடும்.

911ல 1974லேர்ந்து 77 வரைக்கும் வந்த 2.7 லிட்டர் இன்ஜின் இதுக்கு பேர் போனது, மெக்னீசியம் கேஸ், மேல அலுமினிய சிலிண்டர், நடுவுல ஸ்டீல் ஸ்டட். போர்ஷேகாரங்களே டிலாவர்னு ஒரு கலவையில ஸ்டட் கொண்டு வந்தாங்க, அலுமினியத்துக்கு கிட்டத்தட்ட ஈடா வளர்ற உலோகம், யோசனை என்னமோ அருமை தான், ஆனா அது துருவால அரிச்சு வெடிப்பு விட்டு பட்டுனு உடைய ஆரம்பிச்சுது. கீழ் வரிசை வால்வ் கவரைக் கழட்டினா நட்டு முனையோட உள்ள உருண்டுக்கிட்டு கிடக்கும், பல பேர் பாத்திருப்பாங்க. ஒண்ணு உடைஞ்சுதுன்னா பக்கத்துல இருக்குறதும் அதே சூடு, அதே ஈரம், அதே வயசு தானே, அதை மட்டும் விட்டு வெச்சா என்ன அர்த்தம்? இன்ஜின் முழுசா பிரிஞ்சு கிடக்கும்போது தான் அந்த மொத்த வரிசையும் கைக்கு எட்டும்.

தடிச்ச ஸ்டட் விஷயம் இன்னும் மோசம். வோக்ஸ்வேகன் 10 மி.மீ. ஸ்டட்டை விட்டுட்டு பிந்தின கேஸ்கள்ல 8 மி.மீ.க்கு இறங்குச்சு, மரைக்கு ஸ்டீல் இன்சர்ட்டும் (துளைக்குள்ள பொருத்துற, உள்ள மரை போட்ட குழல்) போட்டுச்சு. ஒல்லியான கம்பி ஸ்பிரிங் மாதிரி நீண்டு கொடுக்கும், அதனால சூட்டுல வளர்றப்போ கேஸை அவ்வளவு முரட்டுத்தனமா இழுக்காது. இறுக்கமும் குறைச்சல் தான், 10க்கு சுமார் 31 நியூட்டன் மீட்டர்னா 8க்கு 25. கம்பெனியே ஒல்லியாக்கின இடத்துல நம்மாளு தடியாக்கச் சொல்றாரு.

செலவழிக்க வேண்டிய இடம் மரை. ஏர் கூல்டுக்குன்னே கேஸ் சேவர், டைம்சர்ட்னு இந்த மாதிரி இன்சர்ட் எல்லாம் கிடைக்குது, மெக்னீசியம் கேஸ்னா மரை இன்னும் நல்லா இருந்தாலும் எல்லா துளைக்கும் போட்டுடறது உத்தமம். ஆனா துளை நேரா விழணும், கொஞ்சம் சாஞ்சா ஸ்டட்டும் சாயும், சிலிண்டரைச் சுத்தி சூட்டை விடுற தகடுகள்ல (ஃபின்) உரசும், ஹெட்டு இறங்காம அடம் பிடிக்கும். கை ட்ரில்ல வெச்சு கண்ணால பாத்து போடுற வேலை இல்ல இது, மெஷின் ஷாப்புல குடுத்துடுங்க.

பழைய ஸ்டட்டைக் கழட்டுறப்போ சுத்தி இருக்குற கேஸை சூடு பண்ணிட்டு கழட்டணும், லாக்டைட் (மரையைப் பிடிச்சு வெக்கிற பசை) போட்டிருந்தா சூடு இல்லாம வரவே வராது, பலவந்தமா திருகினா ஒண்ணு ஸ்டட் முறியும் இல்ல மரையோட சேர்ந்து வரும். ஒண்ணு சொல்லணும், மெக்னீசியம் துருவல் கீழ கொட்டிக் கிடக்குறப்போ சூடு பண்ற நெருப்பு டார்ச் பத்த வெக்காதீங்க, பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தவே கூடாது, இன்னும் கொழுந்துவிட்டு எரியும், காஞ்ச மணலை பக்கத்துலயே வெச்சுக்கணும். சில கேஸ்ல ஸ்டட் துளை உள்ள ஆயில் இருக்குற இடம் வரைக்கும் திறந்திருக்கும், அந்த மரைக்கு சீலன்ட் தடவலைன்னா அப்புறம் ஆயில் எங்கேர்ந்து ஒழுகுதுன்னு தேடித் தேடியே பொழுது போயிடும்.

அந்தப் பக்கத்துல திருத்தம் போடுவீங்கன்னு நம்புறேன். போடுறப்போ டார்க் அளவை (எவ்வளவு இறுக்கணும்ங்கிற கணக்கை) மட்டும் போட்டு விட்டுடாதீங்க ஐயா, நட்டு மரைக்கு ஆயில் தடவணுமா வேண்டாமான்னு அந்தந்த மேனுவல் என்ன சொல்லுதோ அதையும் சேர்த்துப் போடுங்க, ஏன்னா ஆயில் தடவின நட்டு அதே அளவுல இறுக்கினாலும் ஸ்டட்டை ரொம்ப அதிகமா இழுத்துடும். முதல்ல எல்லாத்தையும் 10 நியூட்டன் மீட்டர் கிட்ட லேசா உக்கார வெச்சுட்டு, அப்புறம் மேனுவல்ல இருக்குற வரிசைப்படி தான் கடைசி இறுக்கம், அதுவும் இன்ஜின் ஆறி இருக்கும்போது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்