ஓலைச்சுவடி அட்டவணைப் பணிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு பகுதி வீடுகளிலிருந்து வந்த 340 ஓலைக்கட்டுகள் நம் நூலகத்தில் உள்ளன. வில்லுப்பாட்டு ஏடு, வர்ம வைத்திய ஏடு, ஜாதகம், ஒற்றி (அடமான) ஆவணம், பாட்டம் (குத்தகை) ஆவணம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. இரும்பு பீரோக்களை அன்பர்கள் வாங்கித் தந்துவிட்டார்கள். பீரோ என்றால் கதவில் தந்தவர் பெயர் எழுதலாமே! அட்டவணைக்குத்தான் பணம் சேரவில்லை. கேட்ட ஏட்டை எடுத்துத் தர முடியாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

கட்டு வந்தபடியே அதற்கு எண் போடுகிறோம். பொருள்வாரியாகப் பிரிப்பதில்லை. ஒரே கட்டில் வைத்தியமும் கதைப்பாடலும் கடன் கணக்கும் இருக்கும்; பிரித்தால் அது யார் வீட்டு ஏடு என்ற தடயம் போய்விடும். அடுக்குவது ஓலையின் நீளம் பார்த்து, தேடுவது அட்டவணை பார்த்து. 3-2-117 என்றால் மூன்றாம் பீரோ, இரண்டாம் தட்டு, 117ஆம் கட்டு.

சிக்கல் வருவது ஒரு கட்டிலுள்ள ஏடுகளை எண்ணும்போதுதான். ஏட்டின் எண் பெரும்பாலும் இடது ஓரத்தில், ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். பழைய தமிழ் எண்ணில் ௰௨ என்பது 12. பழகாதவர் அதை ‘யஉ’ என்று எழுத்தாகப் படித்து, ‘எண் இல்லை’ என்று குறித்துவிடுவார். நடுவில் ஓர் எண் இல்லையென்றால் ஏடு தொலைந்ததா, எழுதியவர் எண்ணைத் தாண்டிவிட்டாரா என்று முந்தைய ஏட்டின் கடைசி அடியை அடுத்ததோடு சேர்த்துப் படித்தால்தான் தெரியும். வரிசை குலைந்த கட்டானாலும், இருந்த வரிசையைக் குறித்த பிறகே ஏட்டை நகர்த்த வேண்டும்.

தலைப்பை மட்டும் நம்ப முடியாது. நீலி கதையே இசக்கியம்மன் கதை என்ற பெயரிலும் வரும். அதனால் முதலடியும் கடைசி அடியும் பதிவாகின்றன. ஏடுகளில் வரும் கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி முதல் மார்கழிப் பாதிவரை 824, பிறகு 825 கூட்ட வேண்டும்: 1050 தை என்றால் 1875. எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் ஓராண்டு பிசகும்.

ஒரு கட்டுக்கு ஆகும் செலவு: சுற்றும் துணி, மேலும் கீழும் வைக்கும் மரச்சட்டம், கட்டும் நூல், ஓலையில் பூசும் புல்தைலம் எல்லாம் சேர்த்து 250 ரூபாய், இரு பக்கமும் படமெடுக்க 350, ஏடு படித்துப் பதிபவருக்கு 900. ஆக 1,500 ரூபாய். மொத்தம் 5,10,000 வேண்டும். கையில் 1,40,000 இருக்கிறது. முழுக் கட்டின் செலவை ஏற்பவர் பெயர் அந்தக் கட்டின் பதிவிலேயே இடம்பெறும். சிறு தொகைக்கும் ரசீது உண்டு.

வீட்டில் ஏடு வைத்திருப்போர் பிளாஸ்டிக் உறையில் போட வேண்டாம். இரு பருவமழையும் பெய்யும் நம் ஊரில் உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். ரப்பர் பேண்டும் போடாதீர்கள், இளகி ஓலையோடு ஒட்டிக்கொள்ளும். கட்டை அவிழ்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்; படமெடுத்துத் திருப்பித் தருகிறோம்.

பணம் தர இயலாதவர்கள் கட்டுகளைச் சுற்றப் பழைய பருத்தி வேட்டி தரலாம். கஞ்சி போடாததாக இருக்கட்டும். கஞ்சி இருந்தால் பூச்சி தேடி வரும்.

இங்ஙனம்,
அட்டவணைக் குழுவினர்,
நாகர்கோவில்